அறக்கவாள் துதிகள்

கணக்கெடுக்கப் போகிற வீடுகளில்
மீட்டர் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும்.
அங்கே வேறு சிலதும் இருக்கும்:
ஓட்டுப்பால் நாறும் சாக்கு, கம்பி போன குடை,
ஒரு காலத்தில் தட்டு சுழன்ற பெட்டி.
களியக்காவிளை செக்ஷனில் இருபத்திரண்டு வருடம்.
அப்படிச் சேர்ந்தவைதான்
யாரும் கேட்காத கிறிஸ்தவ இசைத்தட்டுகள்,
நானூற்றிப் பதினொன்று.

நல்ல பாட்டுகளை நான் வாங்குவதில்லை.
அவற்றுக்கு ஆள் இருக்கிறது.
என்னிடம் இருப்பது
பொம்மையின் வாயால் பத்துக் கட்டளை சொன்ன உபதேசியார்,
பாம்பு கொத்திப் பிழைத்த பால்வெட்டுக்காரரின் சாட்சி
(முடிவில் நன்றி, பாம்புக்கும் சேர்த்து),
ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும்
ஒரே பாஸ்டரின் ஒரே பிரசங்கம்.
கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்:
தமிழில் நரகம் மூன்று நிமிடம் கூடுதல்.

பாறசாலையில் வாங்கி வந்த அன்று
கோழி லாரிகளுக்கு நடுவே செக்போஸ்டில்
பெட்டியைத் திறந்து பார்த்த போலீஸ்காரர்
"சார் பாஸ்டறாணோ?" என்றார்.
நான் ஆலயத்துக்குள் கால்வைத்து
எத்தனை கிறிஸ்துமஸ் ஆயிற்று என்று
அவரிடம் எதற்குச் சொல்ல.

குழித்துறையில், ஆற்றுக்கு மேலே சுகிர்தபாயின் வீடு.
ஒரு யூனிட் கூடினாலும்
கேட்டுவரை வந்து வழக்குப் பேசுகிறவள்.
அவள் அடுக்களையில் மாங்காய்ப் பரணிகளுக்கெல்லாம்
கறுப்பு மூடி.
ஒன்றைத் திருப்பினேன். நடுவில் நீலத் தாள்:
அறக்கவாளில் துதிகள். வாள்: ம. யோபுதாஸ்.
ஆர்மோனியம்: திருமதி.
அவ்வளவுதான். திருமதி.

"வாளா?"
"பல்லுள்ள வாளுதான். தடிமில்லுல உள்ளது.
முட்டுக்கெடையில வச்சு வளைச்சு
பிடில் வில்லால இழுப்பாரு.
பொம்பிள அழுத மாதிரி இருக்கும்.
சபையில வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாவ."
"வெளியே விற்கலையா?"
"நூறு அடிச்சது. மூணு போச்சு."
பிறகு மாங்காயைப் பார்த்துக்கொண்டு:
"நான்தான் விக்க விடல்ல.
மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணம்,
கட்டை மாறி அமுக்கிப்போட்டேன்.
ஒரு தப்ப நூறு தடவ அச்சடிச்சா
ஆருக்குப் பொறுக்கும்?"

தொண்ணூற்றேழையும் தருவதாகச் சொன்னாள்,
ஒரு சாக்கு அரிசி விலைக்கு.
போட்டுக் கேட்கக் கூடாது, அது மட்டும்.
வேதத்தின்மேல் கை வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.

அன்று ராத்திரியே போட்டேன்.

உப்பும் வெயிலும் தட்டை நெளித்திருந்தன.
வெள்ளத்தில் வள்ளம்போல முள் ஏறி இறங்கியது.
அழுகை என்றார்களே, அப்படி ஒன்றும் தோன்றவில்லை.
தூரத்துக் கரையிலிருந்து யாரோ
பெயர் மறந்துபோய்
வெறும் குரலால் கூப்பிடுவதுபோல இருந்தது.
மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணம்.
தப்பு இருந்தது. சின்னதுதான்,
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி.
அடுத்த சுரத்துக்குப் போகவேண்டிய வாள்
போகவில்லை.
நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றது,
அவள் விரல் கட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை.
பிறகு சேர்ந்து போனார்கள்.

அந்த இரண்டு விநாடிக்கு
மற்ற நானூற்றிப் பதினொன்றையும் கொடுத்துவிடுவேன்,
யாராவது கேட்டால்.
யாரும் கேட்கமாட்டார்கள்.
விடியும்போது அடுக்கி எண்ணினேன்: தொண்ணூற்றாறு.
பரணி ஒன்றில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

அவளிடம் போய், உங்களுக்காக அவர் நின்றார் என்று
எப்படிச் சொல்வது?
வேதத்தின்மேல் கை வைத்தவன்.

இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்கப் போனேன்.
"போட்டியா?"
"இல்ல."
"ம்."
பரணிகளுக்கெல்லாம் எவர்சில்வர் மூடி.
கதவுக்குப் பின்னால் சாக்கு விலகிக் கிடந்தது,
பெட்டியின்மேல் தூசி இல்லை.
அட்டையில் எழுதினேன்.
போன தடவையைவிட நாலு யூனிட் கூடுதல்.
வாங்கிப் பார்த்தாள்.
வழக்குப் பேசவில்லை.